இரண்டு விரற்கடை ஆழம்

என்னிடம் இருக்கும் லென்ஸ் என்னைவிட மூத்தது. ரஷ்யாவில் செய்தது. முழுக்க உலோகமும் கண்ணாடியும். கையில் எடுத்தால் ஒரு பெரிய மாதுளம்பழத்தின் கனம் இருக்கும். டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் உட்கார்ந்து பழைய கேமராக்களை ரிப்பேர் செய்யும் ஓர் அண்ணனிடம் வாங்கினேன். உள்கண்ணாடியின் ஓரத்தில் லேசாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. "பிரிச்சுத் தொடச்சுத் தரவா தங்கச்சி?" என்று கேட்டார். "வேணாம்ணே, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். பூஞ்சையோடு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிற ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

கேமரா புதுசு. மிரர்லெஸ் என்கிற டிஜிட்டல் வகை. இரண்டுக்கும் நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையத்தைப் போட்டுத்தான் இணைக்க வேண்டும். வெறும் வளையம்தான் அது. லென்ஸிலிருந்து கேமராவுக்கு ஒரு சேதியும் போகாது. தன் முகத்தில் ஒரு லென்ஸ் மாட்டியிருப்பதே அதற்குத் தெரியாது. லென்ஸ் இல்லை என்று அடம்பிடிக்கும். மெனுவுக்குள் போய், இல்லாவிட்டால் பரவாயில்லை, நீ எடு என்று ஒரு தடவை சொல்லிவைக்க வேண்டும். அதற்கப்புறம் சொன்னபடி கேட்கும். எடுத்த படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தால், லென்ஸ் என்கிற இடம் மட்டும் காலியாக இருக்கும். எதன் வழியாகப் பார்த்தோம் என்றே தெரியாமல் பார்த்து வைத்த காட்சிகள் அவை.

பூஞ்சையும் பழைய கண்ணாடியும் சேர்ந்து படத்துக்குத் தருகிற மயக்கம் எனக்குப் பிடித்துப்போனது. நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாரமெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தும் எண்ணும் கண்ணைக் குத்தும். ஞாயிற்றுக்கிழமை இந்த லென்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் மதுரையே இளகிவிடும். காலை வெயிலுக்கு எதிரே வைகைப் பாலத்தில் நின்று பார்ப்பேன். காய்ந்த மணல், மணலில் விரித்துப் போட்ட சேலைகள், நடுவில் ஒரு கீற்றாய்க் கிடக்கிற தண்ணீர், தண்ணீரில் நிற்கிற எருமைகள் எல்லாம் வெளுத்து ஒன்றோடொன்று கலந்துபோகும். திருவாதவூர்ப் பக்கம் போனால் வயல் முடிகிற இடமும் வானம் தொடங்குகிற இடமும் தெரியாது. தூரத்து மரங்கள் வட்டம் வட்டமாகச் சுழலும். நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பேன், பஸ் போய்விடும். போனில் எடுத்தால் இதெல்லாம் வராது. போன் இருப்பதையெல்லாம் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது.

ஒரே சங்கடம், போகஸ். அதைக் கையால்தான் பிடிக்க வேண்டும். லென்ஸின் வளையத்தை மெல்லத் திருகும்போது, எந்த இடம் கூர்மையாகிறதோ அதன் விளிம்பில் குங்குமம் சிந்தினாற்போல் திரையில் சிவப்பு மினுங்கும். அந்தச் சிவப்பு செடியில் ஊர்ந்து, தோளுக்கு வந்து, காதுக்கு வந்து, கண்ணில் நிற்க வேண்டும். லென்ஸின் உள்துளையை முழுக்கத் திறந்துவைத்துப் பக்கத்தில் நின்று எடுத்தால், கூர்மை விழுகிற ஆழம் இரண்டு விரற்கடைதான். கண் கிடைத்தால் காது போய்விடும். எதிரே இருப்பவர் பேச வாயெடுத்துக் கொஞ்சம் முன்னால் வந்தாலே போச்சு.

அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்று சொன்னார்கள். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும், பயப்பட வேண்டாம், ஆனாலும் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்:

"ஏண்டி, ஊர்ல உள்ள மரத்தையெல்லாம் படம் புடிக்கிறியே, என்னைய ஒண்ணு புடி. மாலை போடுறதுக்குத் தோதா."

"வாயக் கழுவும்மா" என்று தம்பி கத்தினான். அம்மா சுவரில் தொங்கிய அப்பாவின் படத்தைக் காட்டினாள்.

அப்பா போனபோது அவருடைய தனிப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, பிளெக்ஸ் கடையில் அவசர அவசரமாகப் பெரிதாக்கினோம். வெறும் தலை நன்றாக இருக்காது என்று கடைக்காரர் அவராகவே ஒரு நீலக் கோட்டும் கோடு போட்ட டையும் மாட்டிவிட்டார். சைக்கிள் கடையில் பனியனும் கைலியுமாக வாழ்ந்து முடித்த மனுஷர் என் அப்பா. தெருமுனையில் வைத்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டு, போனது யார் என்று எங்களிடமே வந்து விசாரித்தார்கள். பிறகு அதே படத்துக்குத்தான் பிரேம் போட்டோம். ஓரத்தில் யாருடைய காதோ இன்னும் இருக்கிறது.

"தெனம் வெளக்கு வைக்கிறப்ப யாரோ தாசில்தாருக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. "எனக்கு அந்தக் கதி வேணாம். படத்துல நான் நானா இருக்கணும். முன்னாடி வந்து நிக்கிறவக மொகத்த என் கண்ணு பாக்கணும். அம்புட்டுத்தான்."

பேச்சை முடித்துவிடலாம் என்று தம்பி போனை எடுத்து அங்கேயே ஒன்று எடுத்தான். ஒவ்வொரு நரைமயிரும் தெரிந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஆதார் அட்டையில கூட இதவிட நல்லா இருக்கேன். ஒங்கக்கா எடுக்கட்டும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தம்பிக்கு முகம் செத்துவிட்டது.

ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் இருந்தன. சோழவந்தானில் அம்மாவின் தம்பி, என் மாமா, குத்தகைக்கு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அங்கே போய் எடுக்கலாம், அங்கே வெயில் முகத்தில் அடிக்காது என்று அம்மாவே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் பஸ்ஸேறிவிடுவோம். அம்மா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, என்னமோ கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

கொடிக்காலில் அகத்தி மரங்களை வரிசையாக நெருக்கி நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றியிருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும். குனிந்து உள்ளே நுழைந்தால் ஒரே பச்சை நிழல். வரிசைக்கு வரிசை வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் நிற்கும். உள்ளே பேசுகிற குரல்கூட ஈரமாகக் கேட்கும். அந்த இடத்தை இந்த லென்ஸ் வழியாகப் பார்க்கிறவர்களுக்குத் திரும்பி வர மனசு வராது. இலை இடுக்கில் விழுகிற வெயிலெல்லாம் பெரிய பெரிய பொட்டுகளாக மாறி, அம்மாவின் தலைக்குப் பின்னால் மெல்லச் சுழலும். அவளுடைய சேலையின் மஞ்சள் கரைந்து இலைக்குள் போகும். இலையின் பச்சை அவள் கன்னத்துக்கு வரும். எதற்காக வந்தோம் என்பதே எனக்கு மறந்துவிடும். அவள் அங்கேயே, அந்தப் பச்சைக்குள், ஆபரேஷனும் டாக்டரும் இல்லாமல் எப்போதும் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றும்.

ஆனால் அவளால் சும்மா உட்கார முடியாது. சிவப்பு அவள் கண்ணுக்கு வந்து சேர்கிற நேரத்தில் சரியாக ஏதாவது சொல்வாள். "ஏய், பின்னாடி வாய்க்கா, வழுக்கிறாத." "காலையில ரெண்டு இட்லிதான தின்ன?" "ஒரு பக்கமாவே சாஞ்சு நிக்கிற, இடுப்பு வலிக்கப் போகுது." நான் பட்டனை அழுத்தியிருப்பேன். எடுத்ததைக் காட்டினால் திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பாள்.

"கொடிக்கால் நல்லா வந்திருக்கு. என்னையத்தான் காணோம்."

"இந்த லென்ஸ் அப்படித்தாம்மா" என்பேன்.

அப்படியொன்றும் இல்லை. லென்ஸின் கழுத்தில் இன்னொரு வளையம் உண்டு. அதைத் திருகி உள்ளே இருக்கும் துளையைச் சுருக்கினால், மூக்கு, கண், காது, பின்னால் இருக்கிற கொடி வரைக்கும் தெளிவாக விழும். அம்மா பேசினாலும் அசைந்தாலும் பாதகமில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். நான் அந்த வளையத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய ஞாயிறு. வாய்க்கால் வரப்பில் சாக்கை விரித்து அம்மா உட்கார்ந்தாள். நடந்து வந்ததிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் எடுத்தேன். மங்கல். மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் மங்கல். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"லென்சு மேல பழியப் போடாத. படத்த எடுத்துட்டா ஆத்தா போயிருவான்னு நெனைக்கிறியா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல? நல்லபடியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டால், போய் வா என்று நானே அனுப்பிவைத்தது மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. படித்தவள், அலுவலகத்தில் பத்துப் பேருக்கு யோசனை சொல்கிறவள், அதைத்தான் நம்பினேன்.

கொஞ்சம் தள்ளி வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த மாமா கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அம்மா என்னைத் தேற்றவில்லை. "போறவ படம் இல்லாட்டியும் போவா. மூக்கச் சிந்திட்டு வா. நான் அசைய மாட்டேன், நீ திருகு" என்றாள்.

முதுகை நிமிர்த்தினாள். கையை மடியில் வைத்தாள். வாயை மூடினாள். மூச்சையும் அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நான் திருகினேன். சிவப்பு அகத்தி மரத்தில் ஏறி, கொடியில் ஊர்ந்து, தோளுக்கு வந்து, காதுத் தோட்டில் ஒரு நொடி நின்று, கண்ணிமையில் வந்து உட்கார்ந்தது. அம்மா அசையவே இல்லை. அழுத்தினேன்.

படம் விழுந்துவிட்டது. இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண் நேராக என்னைப் பார்த்தது. அம்மா கேமராவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "ம். வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

ஆபரேஷன் நடந்த பகலில் நானும் தம்பியும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவன் மருந்து வாங்கவும் டீ குடிக்கவும் எழுந்து போய்ப் போய் வந்தான். எனக்கு எழுந்திருக்கப் பயமாக இருந்தது. பைக்குள் கேமரா இருந்தது, அதை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வீணானவை என்று நினைத்தும் அழிக்க மனசு வராமல் விட்ட கொடிக்கால் படங்கள் அவ்வளவும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அம்மாவின் காதை ஒட்டிப் பின்னால் இருக்கிற கொடி கூர்மையாக இருந்தது, அகத்தியின் பட்டை கூர்மையாக இருந்தது. ஒன்றில்கூட அம்மாவுக்கு முன்னால் இருக்கிற எதுவும் கூர்மையாக இல்லை.

அப்படியென்றால் ஒரே அர்த்தம்தான். ஒரு தடவைகூட அவள் பின்னால் சாயவில்லை. நான் போகஸ் பிடித்த இடத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் என் பக்கமாக வந்திருக்கிறாள். வழுக்கப் போகிறது என்று சொல்ல, இடுப்பு வலிக்கும் என்று சொல்ல, ஏதோ ஒன்றைச் சொல்ல. அத்தனை மங்கலும் அவள் என்னிடம் வந்துகொண்டிருந்த மங்கல்.

கடைசியில் அந்தக் கூர்மையான படம் வந்தது. கண்ணைப் பெரிதாக்கினேன். கொடிக்கால் வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்குத் தெரியாதது இப்போது தெரிந்தது. அம்மா பயந்துபோயிருந்தாள். தாசில்தார், ஆதார் அட்டை என்று எங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தவள், பேச்சை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்த அந்த ஒரு நொடியில் முழுக்கப் பயந்திருந்தாள். கேமராவை ஆஃப் செய்து பைக்குள் வைத்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்தது என்றார்கள். மறுநாள் காலையில்தான் ஐ.சி.யூ.வுக்குள் விட்டார்கள், அதுவும் ஒருவரை மட்டும். பச்சைத் துணியை மாட்டிக்கொண்டு போனேன். அம்மா மல்லாந்து கிடந்தாள். மூக்கில் குழாய், கழுத்தில் குழாய். ட்யூப் லைட்டின் வெளிச்சத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நெற்றி, கன்னம், காய்ந்த உதடு. எதுவும் அசையவில்லை. கண் மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். என் பக்கமாக வந்தாள்.

"தலையத் தூக்காதீங்கம்மா!" என்று நர்ஸ் அதட்டினார்.

நான் குனிந்து காதைக் கொடுத்தேன். தொண்டையில் குழாய் போட்டிருந்த புண். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அந்தப் படம் வேணாம்டி. மொகமெல்லாம் பயந்து கெடக்கு. வீட்டுக்கு வந்தப்பெறகு வேற எடு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா அசையாமல்லாம் இருக்க முடியாது என்னால."

"அசைஞ்சுக்கோம்மா" என்றேன். "எம்புட்டு வேணும்னாலும் அசைஞ்சுக்கோ."