வரிச் சட்டங்களுக்குப் பின்னால் ஒரு நாவல்

கம்பெனியில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பம்பரம். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாற்காலியில் அவர் முழுசாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ச் சொட்டுகிற குழாயை இறுக்கி மூடிவிட்டு வருவார். தன் கல்யாண போட்டோவிலேயே மாப்பிள்ளை கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறார். “நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு போட்டோவைப் பார்த்தா எனக்கே தெரியல” என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் பொறுப்பில் பத்தொன்பது கட்டடங்கள். எந்த லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் இருபது நிமிஷத்துக்குள் அங்கே நிற்க வேண்டும். அதனால் வேலை இல்லாத நேரத்தில் ஆபீஸுக்குத் திரும்பாதே, அந்த வட்டாரத்திலேயே எங்கேயாவது இரு என்பது சூப்பர்வைசர் உத்தரவு. இரு என்று சொல்வது சுலபம். இருப்பதுதானே அவருக்கு வராத ஒன்று! டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் கால் ஆடும், காலோடு பெஞ்சு ஆடும், பெஞ்சோடு பக்கத்து ஆளின் டம்ளர் ஆடும். இரண்டு கடையில் முகத்துக்கு நேராகவே எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கித்தான் அந்தப் புத்தகக் கடைக்குள் போனார். நீளமான, குறுகலான கடை. ரயில் பெட்டியைப் போல இரண்டு பக்கமும் அலமாரி, நடுவில் ஒரு ஆள் போகிற வழி. புதுத் தாளும் பசையும் கலந்த வாசனை. சும்மா ஒரு புத்தகத்தை எடுத்தார், பின்னட்டையைப் படித்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். மழை நின்றது அவருக்குத் தெரியவில்லை. போன் அடித்தபோது மணியைப் பார்த்தார். ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. ஐம்பது நிமிஷம்! குனிந்து தன் காலைப் பார்த்தார். ஆடாமல் நின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அதுதான் அவர் காத்திருக்கும் இடம். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அதே சமயம் யாரும் தனியாகவும் இல்லை. கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு முகம் சுளிக்கும் ஒரு காலேஜ் பெண்ணை அவருக்குத் தெரியும். சமையல் புத்தகங்களின் படங்களை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடும் கண்ணாடிக்காரரைத் தெரியும். பேசியதில்லை. தடிமனான புத்தகத்தை இடது கையில் தாங்கி, வலது கட்டைவிரலால் பக்கங்களைச் சர்ரென்று விடும்போது முகத்தில் படுகிற காற்று இருக்கிறதே, அதற்காகவே அவர் தினமும் ஒன்றிரண்டு புத்தகங்களை எடுத்து அப்படிச் செய்வார்.

வாங்கிக்கொண்டு போய் வீட்டில் படித்தால் என்ன? படித்துப் பார்த்தவர்தான். பதினொரு புத்தகங்கள் ஃபிரிட்ஜ் மேல் தூசி குடித்துக்கொண்டு கிடக்கின்றன. வீட்டில் புத்தகத்தை விரித்தால் ஃபேன் கடகடவென்பது கேட்கும், எழுந்து ஏணியைத் தேடப் போய்விடுவார். “உங்களுக்குப் புத்தகம் வாங்குற வியாதிதான், படிக்கிற வியாதி இல்ல” என்றாள் மனைவி. வாங்கினால் புத்தகம் செத்துப்போகும் என்று அவருக்கே ஒரு பயம் வந்துவிட்டது. கடையில் நின்றால்தான் அது உயிரோடு இருக்கும்.

இப்படி இருக்கையில்தான் அந்த நாவல் கையில் சிக்கியது. சுரங்கத்தில் வேலைக்குப் போய்த் திரும்பாத அண்ணனைத் தேடிக்கொண்டு ஒரு பெண் ஊர் ஊராகப் போகிற கதை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. ஒரு நாள் எட்டுப் பக்கம் படிப்பார், ஒரு நாள் அரைப் பக்கத்திலேயே போன் அடிக்கும், ஒரு வாரம் போகவே முடியாது. நிறுத்திய இடத்தைச் சர்வீஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்வார்: 8, 15, 15, 22. பாதியில் யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டால்? அந்த நினைப்பு வந்த அன்று அவர் ஒரு காரியம் செய்தார். கடைக் கோடியில், கீழ்த்தட்டில், நாலு வருஷத்துக்கு முந்தைய வரிச் சட்டப் புத்தகங்கள் இருந்தன. ஈ காக்கை அண்டாத இடம். நாவலை அவற்றுக்குப் பின்னால் செருகிவிட்டு, ஷூ லேஸ் கட்டியவரைப் போல எழுந்து வந்தார்.

பதினான்கு மாதம் அந்த ஏற்பாடு பிசகாமல் நடந்தது. 381-ஆம் பக்கத்தில் அந்தப் பெண் ஒரு மருத்துவமனை வாசலில் நிற்கிறாள். உள்ளே கட்டிலில் கிடப்பது அண்ணனா, அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்ட வேறு ஆளா என்று தெரியப்போகிறது. அந்த நேரம் பார்த்துப் போன். ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு பல் டாக்டரும் இரண்டு நோயாளிகளும்.

மறுநாள் வந்து குனிந்தார். கீழ்த்தட்டே மாறியிருந்தது. வரிச் சட்டங்களே இல்லை. துடைத்து வைத்த பலகையில் கலர் பென்சில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

யாரிடம் கேட்பது? கேட்டால் அங்கே அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். கேட்காமல் இருந்தால் மருத்துவமனை வாசலிலேயே அந்தப் பெண்ணோடு அவரும் ஆயுசுக்கும் நிற்க வேண்டியதுதான். மூன்று நாள் கடையைச் சல்லடை போட்டுத் தேடினார். வேறு நாலு கடைகளில் விசாரித்தார். அச்சிலேயே இல்லை என்றார்கள். பழைய கால் ஆட்டம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. ஒரு கட்டடத்தில் ஸ்பானரை லிஃப்ட் கூரை மேலேயே மறந்துவிட்டு வந்து, அது ஒவ்வொரு மாடியிலும் டங் டங்கென்று சத்தம் போட, குடியிருப்பவர்கள் கூடி நின்று திட்டினார்கள்.

“என்னங்க, யார் மேலயாவது மனசு போயிடுச்சா?” என்றாள் மனைவி.

“ஒரு பொம்பளைக்கு அண்ணன் கிடைச்சானா இல்லையான்னு தெரியலடி” என்றார் அவர். அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

நாலாம் நாள் கடைக்காரம்மாவின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கும், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பெண்மணி. நாவலின் பெயரைச் சொன்னார்.

கடைக்காரம்மா பில் போடுவதை நிறுத்தினார். “நீங்கதானா அது?”

அவர் ஆமென்று தலையாட்டினார்.

“நீங்க நின்னு படிக்கிறது எனக்குத் தெரியும். படிச்சா படிச்சுட்டுப் போறாரு மனுஷன்னு விட்டேன். ஒளிச்சு வைக்கிறதுதான் தெரியாமப் போச்சு. ஒரு அம்மா ஒரு வருஷமா அந்தப் புக்கைக் கேட்டு வந்துட்டிருந்தாங்க. ஏழு தடவை. கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்குன்னு காட்டுது, அலமாரில இல்ல. ஒவ்வொரு தடவையும் இல்லம்மான்னு சொல்லி அனுப்ப எனக்கே வெட்கமா இருந்துச்சு. பழைய வரிப் புத்தகத்தைக் கழிச்சுக்கட்டுறப்பதான் கிடைச்சுது. அன்னிக்கே கூப்பிட்டுக் குடுத்துட்டேன்.”

“அவங்ககிட்ட ஒரே ஒரு தடவை வாங்கித் தர முடியுமா? முப்பத்தொரு பக்கம்தான் பாக்கி...”

“நேத்து போன் பண்ணாங்க. அவங்களால படிக்க முடியலையாம். வாசிச்சுக் காட்ட ஆள் தெரியுமான்னு கேட்டாங்க. தினமும் இங்க நின்னு படிக்கிற உங்களை நினைச்சுத்தான் தெரியும்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு இங்க வராங்க.” கடைக்காரம்மா மறுபடி பில் போடத் தொடங்கினார்.

சனிக்கிழமை வரை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்படியோ புத்தகம் கைக்கு வரப்போகிறது, முப்பத்தொரு பக்கம், ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பத்தரைக்கே வந்துவிட்டார்.

அந்த அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். எழுபது இருக்கும். நாற்பது வருஷம் தையல் வேலை பார்த்தவர் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு, வணக்கம் சொன்ன மெக்கானிக்கின் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

“நேரா பார்த்தா நடுவுல கறுப்பா ஒரு பொட்டு தம்பி. ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுது. போன வருஷம் கடுகளவுதான் இருந்துச்சு. அப்பவே சொல்லிட்டாங்க, படிக்கிறதெல்லாம் இப்பவே படிச்சுக்குங்கன்னு. இந்தப் புக்கை மட்டும் படிச்சுடணும்னு இருந்தேன். கடையில இருக்கு, ஆனா இல்லன்னாங்க. அது என்ன கணக்கோ.”

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கடுகளவு என்ற வார்த்தை அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

“நான்தாம்மா ஒளிச்சு வச்சேன்.”

“எதுக்கு?”

“யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்களோன்னு.”

“அந்த யாராவது நான்தான்” என்றார் அந்த அம்மா.

கடைக்காரம்மா கலர் பென்சில் டப்பாக்களை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டார். பம்பரம் திட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மா பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தடவிப் பார்த்து, நேராக்கி, நீட்டினார்.

“வாசிங்க.”

“நின்னுட்டே வாசிக்கலாமாம்மா? உட்கார்ந்தா எனக்குப் படிப்பு ஏறாது.”

“தாராளமா நில்லுங்க. எனக்குத் தெரியவா போகுது.”

வாங்கியதும் கட்டைவிரல் பழக்கத்தில் தானாகவே ஓடியது. பக்கங்கள் சர்ரென்று போய் 381-இல் நின்றன. மருத்துவமனை வாசல். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் கட்டில்.

“பின்னாடி போறீங்க” என்றார் அந்த அம்மா. “சத்தம் கேக்குது. எனக்கு முதல் பக்கம் தம்பி.”

அவர் முன்னால் திருப்பினார். ஒவ்வொரு பக்கமாக அல்ல, மொத்தமாக, கண்ணை மூடிக்கொண்டு. தொண்டையைச் செருமி முதல் வரியை வாசித்தார். தன் குரல் அந்தக் கடையில் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவர் நினைக்கவில்லை. காலேஜ் பெண் கடைக் கோடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் போன் அடித்தது. ஐந்தாவது மாடி, உள்ளே மூன்று பேர்.

“மன்னிச்சுக்குங்கம்மா...”

“ஓடுங்க, ஓடுங்க. மாட்டிக்கிட்டவங்களைக் காக்க வைக்கக் கூடாது. எனக்குப் பழக்கம்தான்.”

புத்தகத்தை அந்த அம்மாவின் மடியில் வைத்தார். வாசலில் நின்று சர்வீஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, 381-க்குக் கீழே 2 என்று எழுதிக்கொண்டு ஓடினார்.