தொழுவம் என்று நான் சொன்ன வீடு

ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, அம்மா கட்டிக்கொண்டிருந்த வீட்டை மாட்டுத் தொழுவம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன். மண்ணைக் குழைத்துச் சுவர் வைக்கிறோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் தோழி வீட்டில் மாடி எடுத்து, முன்பக்கம் முழுக்க டைல்ஸ் பதித்திருந்தார்கள்.

அப்போது நாங்கள் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் இருந்தோம். நீளமான கட்டடத்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். பக்கத்து வீட்டு இருமல் எங்கள் வீட்டில் கேட்கும். கொழுந்து கிள்ளும் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடும், அதன் சாவியும். அம்மா கொஞ்சம் தள்ளி நான்கு சென்ட் சரிவு நிலம் வாங்கியிருந்தாள். நிலத்தைச் சமப்படுத்த வெட்டுகிற மண்ணையே சுவராக்கலாம் என்று ஒரு மலையாள வீடியோவில் பார்த்து, அதைப் பத்து முறையாவது போனில் திரும்ப ஓடவிட்டாள்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, கொத்தனார். அவருக்கு இது பொறுக்கவில்லை.

"இந்த ஊரு மழைக்கு மண்சுவரா? மொத மழையிலயே பாயாசமா ஓடிரும், பாத்துக்க."

"அப்ப மழையிலயே வச்சுப் பாப்பமே அண்ணே," என்றாள் அம்மா.

மண்ணில் சுண்ணாம்பும் நறுக்கிய புல்லும் கலந்து ஒரு கட்டி பிடித்துக் காயவைத்து வெளியே வைத்தாள். ஒரே ஒரு கோடை மழையில் அது மாமா சொன்னபடியே ஓடிப்போனது. சந்தோஷத்தில் மாமா அன்று இரண்டு டீ குடித்தார். அம்மா சுண்ணாம்பு கொஞ்சம் கூட்டினாள். புல்லை இன்னும் பொடியாக நறுக்கிப் போட்டாள். ஐந்தாவது கட்டி ஒரு வாரம் நனைந்தும் முனை மழுங்கவில்லை. நம்பாமல் அதை எட்டி உதைத்த மாமா, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்துக்கரணையோடு சுவர் வைக்க வந்தார்.

தினமும் வேலை விட்டு வந்ததும் அம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மண் மிதிப்பாள். டவுனில் இடித்த ஒரு கடையிலிருந்து பழைய ஓடும் கதவும் ஜன்னலும் அப்பா சுமந்து வந்தார். நானும் மிதித்தேன். பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்குக் கிளம்பும் முன் நகக்கண்ணில் செம்மண் தெரியாமல் தேய்த்துக் கழுவிவிடுவேன்.

ஒரு நாள் தோழியின் அம்மா தூக்குவாளியோடு வந்து நின்றார். நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்தேன். சுவர் என் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது.

"அக்கா, தொழுவம் கட்டுறீங்கன்னு எம்மக சொன்னா. பாலுக்குச் சொல்லிவைக்கலாம்னு வந்தேன். மாடு எப்ப வருது?"

அம்மா சுவருக்கு மேலே தெரிந்த என் தலையைப் பார்த்தாள்.

"மாடு வர நாளாவும்மா. அதுவரைக்கும் நாங்க இருந்துக்கிடுதோம்."

வந்தவர் சிரித்துவிட்டார். பிறகு காய்ந்த பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எங்க வீட்டுச் சுவரு மழைக்காலம் பூரா வேர்க்குதுக்கா," என்றவர், சுண்ணாம்பு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். எனக்கு அடி விழும் என்று நின்றேன். அம்மா, "மண்ணு இறுகுது, வந்து மிதி," என்றாள். அவ்வளவுதான்.

இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முந்தின வாரம் ஓடு ஏறியது. மழை பிடித்த நான்காம் நாள் மாமா குடையோடு வந்து சுவரைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "நிக்குது," என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

மழை விட்ட ஒரு காலையில் குடிபோனோம். அம்மா கதவைத் திறந்தாள். உள்ளே போகாமல் மறுபடி பூட்டினாள். சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்தாள், திரும்பவும் பூட்டினாள்.

"பூட்டு சரியில்லையாம்மா?"

"சரியாத்தான் இருக்கு, பிள்ள."

அப்பா அரிசி மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றார். சரியாக இருக்கிற பூட்டை எதற்கு இப்படித் திறந்து திறந்து மூடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. குடத்தைப் பிடித்திருந்த கை வலித்தது. சீக்கிரம் திறக்கச் சொல்லி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.