ஆலமரத்தில் ஏறிய பொன்னாடை

பிரதம விருந்தினர் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி பனையோலை உமலுக்குள் கையை விட்டார். கை வெளியே வந்ததும் முன்வரிசையில் இருந்த ஆசிரியர் ஒருவர் கதிரையோடு பின்னால் சரிந்தார். வந்தது பொன்னாடை அல்ல.

எண்பத்து நான்காம் ஆண்டு, சாவகச்சேரிப் பக்கம், கால்நடை உத்தியோகத்தராக எனக்கு முதல் நியமனம். என்னிடம் டிப்ளோமா இருந்தது. ஆனால் பசு கன்று போட முடியாமல் கிடந்தால் ஊரார் தேடுவது பொன்னம்மாக்காவைத்தான். தனியொருத்தியாய் நாற்பது மாட்டுப் பட்டியை நடத்தியவர். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போவார், ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வாங்கமாட்டார். பால் சங்கம் அவரைக் கௌரவிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான்.

"எனக்கு மாலை போட்டால் மாடு தின்னப்போகுது. விடு தம்பி" என்றார். மூன்று தரம் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன்.

விருந்தினருக்குப் பனையோலைப் பொருட்களில் விருப்பம் என்று கேள்விப்பட்டு, பொன்னாடையைப் புதிய ஓலைப் பையில், அதாவது உமலில், போட்டு வாய்கட்டி மேசைக்கடியில் வைத்தேன்.

பொன்னம்மாக்கா, சின்னத்துரை என்பவரின் பசுவுக்குக் கன்று எடுத்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்தார். அவர் கையிலும் ஒரு புது உமல். உள்ளே வைக்கல் சுற்றிய இளங்கொடி. கன்றுக்குப் பின் விழும் அந்த நஞ்சுக்கொடியைப் பால் வடியும் மரத்தில் தொங்கவிட்டால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சங்க முற்றத்திலேயே ஆலமரம் நின்றது.

உமலை என் உமலுக்குப் பக்கத்தில் வைத்தார். "தம்பி, நான் கை கழுவிப்போட்டு வாறன். உந்த உமலை நாய் எட்டாமல் உயரக் கட்டிவிடு."

இளங்கொடி என்றாலே எனக்குக் குமட்டும். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. மூக்கைப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட உமலை ஏணி வைத்துக் கட்டினேன்.

மேடையில் விருந்தினர் இரண்டு கையிலும் கொடியை ஏந்தியபடி விறைத்து நின்றார். "இது... என்னது?"

பொன்னம்மாக்கா ஓடிவந்தார். "ஐயா, கீழை போட்டிடாதேங்கோ! பசுவுக்குப் பால் வத்திப்போகும்!"

பாவம் மனிதர், இன்னும் இறுக்கிப் பிடித்தார். அக்கா பக்குவமாக வாங்கி உமலில் போட்டார். நான் ஏணிக்கு ஓடினேன்.

"எங்கை ஓடுறாய்? பால்மரத்திலை கட்டினதை அவிழ்க்கிறேல்லை. அது அங்கையே கிடக்கட்டும், இதையும் பக்கத்திலை கட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பேர் முன்னால் இந்த மனுசியை வெறுங்கையோடு அனுப்பப்போகிறேனே என்ற வெட்கம். அப்போது சின்னத்துரை எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த சால்வையை அவருக்குப் போர்த்தினார்.

"என்ரை பசு இண்டைக்கு உயிரோடை நிக்குதெண்டால் இவவாலைதான்."

பின்னால் இன்னொருவர் வந்தார். பிறகு ஒரு வரிசையே வந்தது. கடைசியில் அக்காவின் முகமே தெரியவில்லை. "காணும், விடுங்கோ, அவியுது!" என்ற குரல் மட்டும் கேட்டது.

அடுத்த கிழமை ஒரு பசுவின் வயிற்றில் கன்று பிசகிக் கிடந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். "மூக்கை விடு, காலைப் பிடி" என்றார். பிடித்தேன். ஓய்வு பெறும்வரை பிறகு நான் முகத்தைத் திருப்பவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்: செய்கிற வேலையைப் பார்த்துச் செய்யுங்கள்.

சின்னத்துரையின் பசு அந்த முறை வழமையிலும் கூடக் கறந்தது. ஆலமரத்தில் தொங்கிய இரண்டு உமல்களையும் அண்ணாந்து பார்த்துப் பொன்னம்மாக்கா பெருமூச்சு விட்டார்.

"பொன்னாடையும் சேர்த்துக் கட்டவேணும் எண்டு இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போச்சே தம்பி!"