ஆலனிலிருந்து ஃபோர்ட் வொர்த்துக்கு

முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள்ளேயே வசந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது, இந்த வேலையில் இனிக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தபாலில் வரும் காகிதங்களை யாரோ ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அவை ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நிற்கும். ஆஸ்பத்திரி பில் என்றால் ஒரு பொத்தான், மருந்துச் சீட்டு என்றால் இன்னொன்று, கடிதம் என்றால் வேறொன்று. அழுத்தினால் அடுத்த காகிதம். படிக்கத் தேவையில்லை, படித்தால் வேகம் குறையும் என்று சூப்பர்வைசர் ட்ரேசி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கைப்பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தவளைக் கணவர் திருமூர்த்தி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எப்படி இருந்துச்சு வசந்தா?"

"கண்ணுதானுங்க எரியுது."

"டெம்பரரி வேலைன்னா அப்படித்தான். எம்.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சுட்டு உனக்கெதுக்கு இது? பிடிக்கலைன்னா நாளைக்கே விட்டுரு. யாரு கேக்கப் போறாங்க?"

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவள், கணவரின் விசாவில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போக வழியில்லாமல் டெக்சஸில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டாள். கிரீன் கார்டு வந்த பிறகு போன இண்டர்வியூ ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்? கேட்டவர்கள் சிரித்த முகமாகத்தான் கேட்டார்கள். அவளுக்குத்தான் நாக்கு எழவில்லை.

"மார்ச் கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட். முடிச்சுட்டுத்தானுங்க நிப்பேன்" என்றாள்.

ஒரு காதில் மட்டும் பாட்டுக் கேட்கலாம் என்பது ஆபீசில் இருந்த ஒரே சலுகை. மகள் யாமினி வேறு மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அங்கே பெண்கள் பாஸ்கெட்பால் ஆட்டங்களில் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கும் பேண்டில் அவள் ட்ராம்போன். சின்ன வயதில் கோயில் வகுப்பில் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தவள், பன்னிரண்டு வயதில் அதை உதறிவிட்டு இந்த நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது வசந்தாமணி ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. இப்போது பொழுது போக்க வேறு வழியில்லாமல், மகள் அனுப்பியிருந்த பேண்ட் பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டாள். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. பில், பில், சீட்டு, கடிதம் என்று விரல் போய்க்கொண்டிருக்க, இரண்டாவது வாரத்தில் இரைச்சல் தனித்தனியாகப் பிரிந்தது. ட்ரம்பெட் மேலே ஏறும்போது, அடியில் வழுக்கிக்கொண்டு போய் அதைத் தாங்கிப் பிடிக்கிற சத்தம் யாமினியுடையது. அது தெரிந்த அன்று திரையில் ஒரு காகிதம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

வீட்டில் ஆன்லைனில் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியதும் மகளுக்காகத்தான். கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு நொடி முகம் தெரியும். போகப் போக ஆட்டமே பிடித்துப்போனது. அணியில் ரொம்பக் குள்ளமான ஒரு பெண்தான் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துவாள். நெட்டையானவர்கள் இடித்துத் தள்ளினால் விழுவாள், எழுந்து ஷார்ட்ஸைச் சரிசெய்துகொண்டு மறுபடி போவாள். காலையில் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி டெரெலுடன் அவளைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் வசந்தாமணி உள்ளே போவாள். அவனும் ஒரு காலத்தில் கல்லூரி அணியில் ஆடியவன்.

மார்ச் பிறந்ததும் யாமினியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா! கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் ஃபோர்ட் வொர்த்ல. வி ஆர் கமிங் டு டெக்சஸ்! ஃப்ரைடே ஈவினிங் கேம். தோத்துட்டா அன்னிக்கு நைட்டே பஸ் கிளம்பிடும். கேன் யூ கம்?"

"வர்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். ஆட்டம் ஐந்தரைக்கு, அவளுக்கு வேலை முடிவது ஐந்துக்கு. ஆபீஸ் இருக்கும் ஆலனிலிருந்து அந்த நேரத்து டிராஃபிக்கில் ஃபோர்ட் வொர்த் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருமூர்த்தி அந்த வாரம் முழுக்க ஆபீஸ் வேலையாக டென்வரில். அவளோ கடைக்கும் கோயிலுக்கும் உள்ரோட்டிலேயே ஓட்டிப் பழகியவள். ஃப்ரீவேயில் தனியாக ஏறியதே இல்லை.

மறுநாள் ட்ரேசியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் காலையில் சீக்கிரம் வந்து, வேலையை முடித்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பலாமா?"

ட்ரேசி உதட்டைப் பிதுக்கினாள். "என் கையில் இருந்தால் விடுவேன், வசந்தா. தற்காலிக ஆட்களுக்கு நேரத்தை மாற்ற முடியாது. முன்னாடியே கிளம்பினால் உன்னை அனுப்பிய ஏஜென்சி வேறு ஆளை அனுப்பிவிடும்."

வசந்தாமணி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பில், சீட்டு, கடிதம். மதியத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். வேலையையும் விடப்போவதில்லை, ஆட்டத்தையும் விடப்போவதில்லை. போய்ச் சேரும்போது ஆட்டத்தில் எவ்வளவு மிச்சம் கிடைக்கிறதோ அவ்வளவு.

திருமூர்த்தி போனில் பதறினார். "121 ஃப்ரீவேல வெள்ளிக்கிழமை சாயங்காலமா? விளையாடறியா? ஆன்லைன்ல வருதல்ல, வீட்ல உக்காந்து பாரு."

"கேமரா அவ பக்கம் திரும்பவே மாட்டேங்குதுங்க."

"வசந்தா, நான் சொல்றதைக் கேளு."

"கேட்டுட்டேனுங்க. போய்ட்டு வந்து கூப்பிடறேன்."

எந்த லேனில் போனால் கடைசி நேரத்தில் மாற வேண்டியிருக்காது என்று டெரெல் சொல்லிக்கொடுத்தான். "பெரிய ட்ரக் பக்கத்தில் வந்தால் அதைப் பார்க்காதே. முன்னால் பார்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. ஃப்ரீவேயில் சேரும் இடத்தில் காரை மெதுவாக்கிவிட்டாள். பின்னால் ஒருத்தன் ஹார்னை விடாமல் அடித்தான். வேர்த்துக் கொட்டியது. திரும்பிவிடலாம் என்று ஒரு எக்ஸிட்டைப் பார்த்தாள். அதுவும் கடந்து போய்விட்டது. அதற்கப்புறம் திரும்பும் நினைப்பு வரவில்லை. பாதி வழியில் கிரேப்வைன் ஊரைத் தாண்டியபோது, பிடித்த பிடியில் விரல்கள் மரத்திருப்பது தெரிந்து ஒவ்வொரு கையாக உதறிக்கொண்டாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது நாலாவது, கடைசிக் குவார்ட்டரில் பாதி போய்விட்டது. காலியாக இருந்த ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். யாமினியின் அணி பதினாறு புள்ளி பின்தங்கியிருந்தது. எதிரணி ரசிகர்கள் எழுந்து கூத்தாட ஆரம்பித்துவிட்டார்கள். குள்ளப் பெண் இரண்டு முட்டியிலும் சிராய்ப்போடு இன்னும் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தாள். டைம்-அவுட் விசில் ஒலித்தது. கூடைக்குப் பின்னால் பேண்ட் எழுந்து நின்றது.

தோற்கிற அணிக்கு இவர்கள் என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று வசந்தாமணி நினைத்தாள். அவர்களோ ஜெயித்துக்கொண்டிருப்பவர்களைப் போல வாசித்தார்கள். கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, யாமினி ட்ராம்போனைத் தூக்கிப் பிடித்து ஊதினாள். ஒரு காதில் இத்தனை நாள் கேட்டதை வசந்தாமணி இப்போது இரண்டு காதிலும், உடம்பு முழுக்கவும் கேட்டாள். எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரத் தாத்தாவும் எழுந்து நின்றார்.

அணி தோற்றுத்தான் போனது. கூட்டம் கலைந்த பிறகு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த யாமினி நிமிர்ந்து பார்த்தாள். அழுது கண் சிவந்திருந்தது.

"அம்மா? அப்பா எங்க?"

"டென்வர்ல. நான் மட்டும்தான் வந்தேன்."

"யூ ட்ரோவ்? ஆன் தி ஃப்ரீவே? பை யுவர்செல்ஃப்?"

"ஆமா. கடைசிக் கொஞ்சம்தான் பார்த்தேன், கண்ணு. அதுக்கு மேல முடியல."

யாமினி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா கொண்டுவந்திருந்த அரிசிம்பருப்புச் சோற்றைப் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றே சாப்பிட்டாள். ட்ரம்பெட்காரப் பெண்ணும் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கினாள். "நீ வாசிக்கறது எதுன்னு இப்ப எனக்கே தெரியுது" என்றாள் வசந்தாமணி. யாமினி நம்பவில்லை. வசந்தாமணி ட்ரம்பெட் ஏறுகிற இடத்தை வாயால் பாடிக்காட்டி, அடியில் வருவதையும் பாடினாள். இரண்டு பெண்களும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்கு உட்கார்ந்தாள். மார்ச் முடியும்போது கான்ட்ராக்டை ஜூன் வரை நீட்டுவதாக ட்ரேசி சொன்னாள். வசந்தாமணி நன்றி சொன்னாள், ஆனால் எழுந்து போகவில்லை.

"எனக்கு க்ளெய்ம்ஸ் போன் வேலை கற்றுக்கொடுங்கள்" என்றாள். "இன்சூரன்ஸ் பணம் கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடம் நான் பேசுகிறேன்."

"அது கஷ்டமான வேலை. நிறையப் பேர் கத்துவார்கள்."

"கத்தட்டும்."

ட்ரேசி பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்கார்" என்றாள்.