அறுபது மூட்டைப் படகு

பண்டசோழநல்லூர் பக்கிரியின் வாழ்க்கையை எழுதப் புகுகிறவர் யாராக இருந்தாலும் அவருடைய வலது தோளில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய கரும்பு விவசாயி ஒருவருக்கு இருக்கக் கூடாத தோள் அது. தழும்பு இல்லை, காய்ப்பு இல்லை. கல்யாண மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்துக் கழுவிய மாதிரி வழவழவென்று இருக்கும்.

இத்தனைக்கும் ஊரில் எதைத் தூக்கினாலும் பக்கிரி அங்கே இருப்பார். அம்மன் புறப்பாடா, பந்தல் காலா, வாய்க்காலில் கவிழ்ந்த டிப்பரா, முதலில் வேட்டியை மடித்துக் கட்டுகிறவர் அவர்தான். கழுத்து நரம்பு புடைக்கும். பல் கடிபடும். "ஏய், அந்தப் பக்கம் தாங்குடா, வுட்டுடாத!" என்று கேட்கிற குரல் அவருடையதாகத்தான் இருக்கும். கை மட்டும் தூக்குகிற கொம்பின் மேல், தூங்கும் குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல வைக்கப்பட்டிருக்கும்.

சாமி தூக்குவதில் இரண்டு கட்சி உண்டு. தூக்குகிற கட்சி, தொடுகிற கட்சி. பக்கிரி தொடுகிற கட்சியின் ஆயுள்கால உறுப்பினர். ஆனால் அந்தக் கட்சியில் தன்னைத் தவிர வேறு ஆளே இல்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஊரே உயிரைக் கொடுத்துத் தூக்குகிறது, நாம் ஒருவன்தான் ஏமாற்றுகிறோம் என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு உண்டு. இதைத்தான் வெள்ளந்தி மனசு என்பார்கள்.

அவருடைய வாழ்க்கையின் லட்சியம் ஒன்றே ஒன்று. மாசி மாதத் தெப்பத்தன்று அம்மனுக்குச் சாத்திய பட்டுத்துணியை ஒருவர் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். தெப்பத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கே அந்த முதல் மரியாதை. தெப்பம் என்றால் வேறொன்றுமில்லை. காலி டிரம்களை மூங்கிலில் கட்டி மேலே பலகை போட்டது. அந்த டிரம்களை வருஷா வருஷம் தன் டிராக்டரில் ஏற்றி வந்து, வருஷா வருஷம் பரிவட்டத்தோடு வீடு திரும்புகிறவர் பக்கிரியின் பங்காளி தணிகைவேல். இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே ஒரே வரப்பு. வரப்பில் நிற்கும்போதெல்லாம் தணிகைவேல் தலையைத் தடவிக்கொள்வார். துணி அங்கே இல்லாதபோதும் இருப்பது போலத் தடவுவார். பக்கிரிக்கு வயிறு எரியும்.

போன வருஷம் தெய்வம் கண் திறந்தது. தெப்பம் சாய்ந்து தவில்காரர் தவிலோடு ஏரிக்குள் போனார். தவில் மிதந்ததால் அவரும் மிதந்தார். இந்த வருஷத் தெப்பத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பக்கிரி கடற்கரைப் பக்கம் போய், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு ஃபைபர் படகை வாங்கினார். விற்றவர்களே லாரியில் ஏற்றி வந்து பக்கிரியின் களத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

"இனிமே தெப்பம் இதுதான் மாமா," என்றார் பக்கிரி.

கோயில் தர்மகர்த்தா சுப்புராயன் படகைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது மாப்ள. ஏரிக்கு எப்பிடி வரும்?"

"என் டிராக்டர் இருக்குதே," என்றார் தணிகைவேல், தலையைத் தடவியபடி.

டிராக்டர் இழுத்தால் பரிவட்டம் யாருக்கு என்பதைப் பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும். பக்கிரி அந்த இடத்திலேயே சபதம் செய்தார். "என் படகு, என் வண்டிலதான் வரும். கார் வாங்கப் போறேன்."

"காரா? படகை இழுக்கவா?" என்றாள் அவர் மனைவி கஸ்தூரி, உள்ளேயிருந்து.

"பெரிய காரு."

மறுநாள் புதுச்சேரியில் ஒரு கார் ஷோரூம். குளிரில் பக்கிரியின் வேட்டி விறைத்துக்கொண்டது. நவநீதன் என்ற விற்பனைப் பிரதிநிதி, கழுத்தில் டையும் வாயில் 'சாரு'மாக, ஒரு வெள்ளை எஸ்.யூ.வி.யின் கூரையைத் திறந்து மூடிக் காட்டினான். பக்கிரி அதற்குள் எழுந்து நின்று, தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பரிவட்டத்தோடு இப்படி நின்றுகொண்டே ஊருக்குள் போகலாம். கார் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

"எதுக்கு சார் யூஸ் பண்ணுவீங்க? ஃபேமிலியா?"

"படகு இழுக்க."

நவநீதன் பயிற்சியில் இந்தப் பதில் வரவில்லை. இருந்தாலும் சமாளித்தான். "சூப்பர் சார். படகு எவ்ளோ வெயிட்?"

"கனமா இருக்கும்."

"எத்தினி கிலோ சார்? அதப் பொறுத்துதான் எந்த வண்டின்னு சொல்ல முடியும்."

பக்கிரி ஊர் திரும்பினார். படகின் எடையை அறிய எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும். எடைமேடைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். வண்டி வாங்க எடை தெரிய வேண்டும். பெரிய பெரிய ஞானிகள் இப்படிப்பட்ட இடத்தில்தான் காட்டுக்குப் போனார்கள். பக்கிரி போகவில்லை. ஒரு ஆள் தூக்குவது ஒரு மூட்டை நெல், ஒரு மூட்டை எழுபத்தைந்து கிலோ. எத்தனை பேர் சேர்ந்தால் படகு தரையை விட்டு எழும்புகிறதோ, அத்தனை மூட்டை அதன் எடை. கணக்கு சுத்தம்.

சாயங்காலம் ஆட்களைக் கூப்பிட்டார். அம்மன் காரியம் என்றதும் முப்பது பேர் வந்தார்கள். "பராசக்தி!" என்று ஒரு குரல், படகு எழும்பியது. பக்கிரியும் கை வைத்தார். நேர்மையானவர் என்பதால் எண்ணிக்கையில் தன்னை மட்டும் கழித்துவிட்டார்.

இங்கே இந்த ஊர்க் கால்களின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். 'பராசக்தி' என்று சொல்லித் தூக்கிய எதையும் வைத்துக்கொண்டு அவற்றால் சும்மா நிற்க முடியாது; நடக்கத் தொடங்கிவிடும். எடை பார்க்கத் தூக்கிய படகு களத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தெருமுனையில் போய்த்தான் இறங்கியது.

"சரி, திரும்ப எடுத்தாந்து வைங்கப்பா," என்றார் பக்கிரி.

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். "இன்னா பேச்சு பேசற மாப்ள?" என்றார் சுப்புராயன். "அம்மன் பேரச் சொல்லி எடுத்தது. ஏரியப் பாத்துக் கெளம்புனத பின்னால இழுக்கறதா? ஊரு வெளங்குமா?"

படகு தெருமுனையிலேயே தங்கியது.

"முப்பது மூட்டை," என்று பக்கிரி கஸ்தூரியிடம் சொன்னார்.

"முப்பது பேரும் தூக்கினானுங்களா?"

"பின்ன? கண்ணால பாத்தேனே."

"நானும் ஜன்னல்ல பாத்தேன்," என்றாள் கஸ்தூரி. "பாதிப் பேரு படகுக்கு ஆசீர்வாதம் பண்ணினு இருந்தானுங்க."

பொறாமை பிடித்தவர்கள் பேச்சு என்று பக்கிரி அதை ஒதுக்கினார். போனில் எடையைச் சொன்னதும் நவநீதன், "வெள்ளை வண்டி வேலைக்காவாது சார், அதுக்கு மேல ஒண்ணு இருக்குது," என்றான். ஆனால் இரண்டு டன்னுக்கு மேலே போகும் எடையை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டால் நல்லது என்றும் சொன்னான்.

இரண்டாம் எடைக்குள் செய்தி பக்கத்து ஊர் ஏம்பலம் வரை போய்விட்டது. அம்மன் படகைத் தொட்டால் புண்ணியம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அறுபது பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் கை வைக்க இடம் இல்லை. பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களின் முதுகைத் தூக்கினார்கள். படகு எழும்பி, நடந்து, தணிகைவேல் வீட்டு வாசலில் டிராக்டரை மறித்துக்கொண்டு இறங்கியது.

"அறுபது மூட்டை," என்றார் பக்கிரி, வெளிறிப்போய். "நாலரை டன்னு. படகு வளந்துடுச்சி மாமா."

"ராத்திரி பனி குடிச்சிருக்கும்," என்றார் சுப்புராயன்.

"அந்தப் படகு டன்னு கணக்குல எங்கனா வளந்துக்கட்டும், என் வாசல்ல வளரக் கூடாது," என்று தணிகைவேல் குதித்தார். "இந்த நிமிசமே எடுங்க!"

"எடுக்கத்தான் போறோம். மறுபடியும் எடை பாக்கணும்ல? நீயும் ஒரு கை குடு."

தன் வாசலைக் காப்பாற்றத் தணிகைவேலும் படகுக்குத் தோள் கொடுத்தார், அல்லது கொடுப்பது போல நின்றார். இப்படிப் படகு ஒவ்வொரு எடைக்கும் ஒரு தெரு நகர்ந்தது. ஒவ்வொரு எடைக்கும் ஒரு டன் கூடியது. நவநீதன் எஸ்.யூ.வி.யில் இருந்து பிக்கப்புக்கும், பிக்கப்பில் இருந்து இன்னும் பெரிய பிக்கப்புக்கும் ஏறிப் போய், கடைசியில் ஒரு நாள், "சார், இதுக்கு மேல எங்ககிட்ட வண்டி இல்ல. கப்பல் கம்பெனில கேட்டுப் பாருங்க," என்றான்.

"அப்ப அந்தக் கூரை தொறக்கற வெள்ளை வண்டியே எடுத்துனு வா," என்றார் பக்கிரி. இழுக்கவே முடியாது என்றான பிறகு, எது இழுக்கும் என்ற கவலை எதற்கு? பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

தெப்பத்தன்று காலையில் கார் மாலையோடு வந்தது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசணிக்காய் உடைந்தது. பின்னால் புத்தம் புதுக் கொக்கி மினுங்கியது. மாட்டுவதற்குப் படகைத் தேடினால், அது ஏற்கெனவே ஏரிக்கரை மேட்டில் உட்கார்ந்திருந்தது. நேற்றைய கடைசி எடையில் வந்து சேர்ந்துவிட்டதாம். சற்றே பின்னால் கொண்டுவந்தால் இரண்டடியாவது இழுத்துக் காட்டலாம் என்று பக்கிரி கேட்டுப் பார்த்தார். எல்லோரும் மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்ப பரிவட்டம் யாருக்கு மாமா? படகு என்னுது."

"எடுத்தாந்தது வண்டி இல்லியே," என்றார் தணிகைவேல். "நாங்கல்ல தூக்கினு வந்தோம்? தோளு செத்துப் போச்சி."

சுப்புராயன் மீசையைத் தடவி யோசித்தார். நியாயம் தவறாதவர். "செரி. சாயங்காலம் அம்மன் வர்றதுக்குள்ள எல்லாரும் சட்டையக் கழட்டி நில்லுங்க. எவன் தோளு நெஜமா கன்னிப் போயிருக்குதோ, அவன் தலையில கட்டறேன்."

தூக்கிய அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தத்தம் தோளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் வீட்டுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

பக்கிரி வீட்டுக் கண்ணாடி முன் நின்றார். நலங்கு வைத்த தோள் பளபளத்தது. துவைக்கிற கல்லில் தேய்த்துப் பார்த்தார், கூசியது. மதியம் ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் ஏரிக்கரைக்கு நடந்தார். வெயிலில் படகு தனியாக இருந்தது. அதன் ஓரமாக உட்கார்ந்து, ஐம்பது வருஷங்களில் முதன்முறையாக ஒரு கனத்தின் கீழே தோளைக் கொடுத்து, உண்மையாகவே முட்டினார். வலித்தது. நல்லது. மறுபடி முட்டினார்.

படகின் அந்தப் பக்கத்தில் யாரோ முனகினார்கள்.

எட்டிப் பார்த்தார். சட்டையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தணிகைவேல் முட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தோளும் நலங்கு வைத்த தோள்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீயுமாடா?" என்றார் பக்கிரி. அந்தக் குரலில் கோபம் இல்லை. ஆயுள் முழுக்கத் தனியாக இருந்த ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சிக்காரனைக் கண்ட ஆனந்தம் அது.

"ண்ணா, யாராண்டையும் சொல்லிடாத ண்ணா."

"நான் எங்கடா சொல்லப் போறேன்? செரி, வந்தது வந்துட்டோம், சேந்து ஒரு முட்டு முட்டுவோம். நல்லா செவக்கும்."

"பராசக்தி!" என்றார் தணிகைவேல், பக்கிரியின் பக்கம் வந்து நின்று, பழக்க தோஷத்தில்.

இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் மோதின. அத்தனை பேர் பல தெரு தூக்கி வந்த படகு, இரண்டு பேர் முட்டியதும் அசைந்தது. வழுக்கியது. கரைச் சரிவில் இறங்கி, ஒரு பெருமூச்சோடு தண்ணீரில் போய் விழுந்து, காற்று வாங்கியபடி ஏரி நடுவுக்குப் போய் நின்றுகொண்டது.

சத்தம் கேட்டு ஊர் ஓடி வந்தது. வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நவநீதனும் கையைக் கழுவாமல் வந்தான். அவனுக்குத்தான் கணக்கு முதலில் உறைத்தது.

"சார், ரெண்டு பேருதானே தள்ளுனீங்க? உங்க கணக்குப்படி அது ரெண்டு மூட்டை." எச்சில் கையால் ஏரி நடுவைக் காட்டினான். "டூ வீலரே இழுத்திருக்கும் சார்."

அதைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. அம்மன் புறப்படும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. படகை எடுக்க யாருக்கும் நீந்தத் தெரியாது; ஏரிக்குள் போய்வந்த அனுபவம் உள்ளவர் போன வருஷத் தவில்காரர் ஒருவர்தான். அவர் இந்த வருஷம் கரையில் இருந்தே வாசிப்பதாகச் சத்தியம் செய்திருந்தார்.

"பழைய டிரம்மு எங்கடா?" என்று சுப்புராயன் கத்தினார்.

டிரம்கள் கோயில் கொட்டகையில் இருந்தன. தணிகைவேல் டிராக்டரின் டிப்பரில் கரும்பு ஏற்றியிருந்தது. கையில் சாவியோடு, வாசலில் வண்டியோடு நின்றவர் பக்கிரி ஒருவரே. மாலை போட்ட வெள்ளைக் கார் கோயிலுக்குப் பறந்தது. பின்சீட்டில் நான்கு டிரம், டிக்கியில் மூன்று. திறந்த கூரை வழியாக, பக்கிரி பரிவட்டத்தோடு நிற்க நினைத்த அதே இடத்தில், ஒரு நீல டிரம் தலையை நீட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தது.

அந்தி மயங்குமுன் தெப்பம் மிதந்தது. ஏரியை மூன்று சுற்று வர வேண்டிய அம்மன், நடுவில் படகு நின்றதால் படகை மூன்று சுற்று வந்தாள். இது புது வழக்கம் என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருஷமும் படகை நடுவில் விடுவதாகப் பேச்சு.

சட்டை கழற்றியவர்களில் கன்றிய தோள் இரண்டே இரண்டு. ஆனால் சுப்புராயன் தோளைப் பார்க்கவில்லை. "தெப்பத்தக் கரைக்குச் சேத்தது எவனோ அவனுக்குத்தான். தெப்பம் இன்னா? டிரம்மு. டிரம்ம எடுத்தாந்தது? பக்கிரி. வா மாப்ள."

பட்டுத்துணி தலையில் ஏறியது. கண் கலங்கியது. பக்கிரி கையெடுத்துக் கும்பிட முயன்றார். வலது கை மார்புக்கு மேலே எழவில்லை. ஒரு கையால் கும்பிட்டார்.

வீட்டில் கஸ்தூரி தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதுடி," என்றார் பக்கிரி, பரிவட்டத்தைக் கழற்றாமல். "நெஜமாவே வலிக்குது."

"அப்பிடியே இருங்க," என்று அவள் எழுந்தாள். "வாசல்ல தணிகைவேலும் நிக்கறாரு. சட்டைய வேற கழட்டிட்டாரு."