இரண்டு பாட்டில் தெம்பு

"எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதப்பா" என்று என் மனைவி சுகந்தி சொன்னபோது, "அப்ப இரட்டைப்பிள்ளைதான்" என்று பகிடி விட்ட மனிதன் நான். மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடை வாசலில் நடந்தது. அவள் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற இரண்டொருவர் சிரித்தார்கள். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்கு அது போதும். யார் சிரிக்கவில்லை என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

எங்கள் ஊர் கொக்குவிலில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப்போல் யாழ்ப்பாணத்தை விட்டுவந்து எங்கெங்கோ வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சென்னையில் குளுக்கோஸ் மருந்து அல்ல. அது ஒரு உபசாரம். காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, கல்யாணவீட்டு அலைச்சலா, "ஒரு பாட்டில் ஏத்திட்டு வந்துடலாம்" என்பார்கள், நாங்கள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதைப்போல. தெருமுனை நர்சிங்ஹோமில் போய்ப் படுத்து, ஏற்றிக்கொண்டு, தலைவாரி வீட்டுக்கு வருவார்கள். வந்த புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பிறகு பிடிபட்டது. பிடிபட்டதில் ஒரு பெருமையும் வந்தது. இந்த ஊர்க்காரனாகிவிட்டேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சான்றிதழ் அதுதான்.

பல வருடம் காத்திருந்து, இனி இல்லை என்று நாங்கள் பேசுவதையே விட்டுவிட்ட பிறகு சுகந்தி கர்ப்பமானாள். இரண்டாம் மாதமே சத்தி தொடங்கியது, இந்த ஊரில் வாந்தி. சோறு தங்கவில்லை, பிறகு பழச்சாறு தங்கவில்லை, கடைசியில் தண்ணீரும் தங்கவில்லை. அபிராமபுரத்து எங்கள் அடுக்குமாடியில் குளியலறைச் சத்தம் எல்லா வீட்டுக்கும் பொது. மேல்வீட்டு மாமி கையில் நாரத்தங்காயோடு, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார். "மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும். எங்காத்துல நான் எடுத்த வாந்திக்குத் தெருவே முழிச்சுண்டுடும். வயித்தைப் பிரட்டினா குழந்தை ஜோரா இருக்குன்னு அர்த்தம், கவலைப்படாதேங்கோ." மாமி நல்லவர். கவலைப்படாமல் இருக்க எனக்கும் ஒருவர் அனுமதி தேவைப்பட்டது.

ஊரில் என் தங்கை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அரசாங்க மிட்வைஃப் வீடு தேடி வருவார். கேற்றடியில் சைக்கிளை நிறுத்தும்போதே குரல் உள்ளே வந்துவிடும்: "பிள்ளை, சலம் ஒழுங்காப் போகுதோ? என்ன நிறம்?" விருந்தினர் இருந்தாலும் அதே கேள்விதான். அப்பா பத்திரிகைக்குள் முகத்தைப் புதைப்பார். மிட்வைஃப் போனபிறகு நான் அவரைப்போல நடந்துகாட்டி வீட்டைச் சிரிக்கவைப்பேன். சென்னையில் சுகந்தியிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதை நான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அவளுக்குச் சிறுநீர் தேயிலைச்சாயமாக, அதுவும் எப்போதாவது, போய்க்கொண்டிருந்தது.

நர்சிங்ஹோமில் ஒரு இளம் டியூட்டி டாக்டர் இருந்தார். அவர் வாய் திறக்குமுன் நானே, பழகிவைத்திருந்த சென்னைத் தமிழில், "ரெண்டு பாட்டிலா ஏத்திடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்றேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்து, "சார் கேரளாவா?" என்று கேட்டார். மனம் விழுந்துபோனாலும் பாட்டில் தொங்கியது. அன்று சுகந்திக்கு முகம் தெளிந்தது. அதனால் மறுபடி போனோம், பிறகும் போனோம். வாரக்கணக்காக அவள் வயிற்றில் சாப்பாடு என்று ஒன்றுமில்லை. கைநரம்பில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியான ஒரு நாளில்தான் அந்த மருந்துக்கடை, அந்தப் பகிடி.

அதன்பிறகு அவளால் நேராக நடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் நடப்பவளைப்போல நடந்தாள். ஆட்டோக்காரர் இறங்காமலே கேட்டார்: "இன்னா சார், மேடம் ஒரு மாரி தள்ளாடுது? வண்டில வாந்தி கீந்தி எடுத்துடப் போவுது." எடுக்க உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று சொன்னேன். அவர் அதை நம்பி எங்களை ஏற்றினார்.

பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் அம்மா அவள் கண்களைப் பார்த்தார். கருவிழிகள் இரண்டும் தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன. இது சாதாரண மசக்கை இல்லை என்று பொறுமையாக விளக்கினார். உணவில்லாத உடம்பு தன் கொழுப்பையே எரித்ததில் சிறுநீரெல்லாம் கீட்டோன்; பொட்டாசியம் தரைமட்டம்; பி-ஒன் என்கிற விட்டமின் முற்றாகத் தீர்ந்திருக்கிறது. சர்க்கரையை எரிக்க அந்த விட்டமின் வேண்டும். வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றியதில், கடைசியாக ஒட்டியிருந்த துளியும் செலவாகி மூளை பட்டினி கிடக்கிறது. "முதல்ல பி-ஒன் போட்டுட்டுத்தான் குளுக்கோஸ் ஏத்தணும். யார் சார் இப்படி ஏத்தச் சொன்னது?" என்றார்.

ஊசி போட்ட மறுநாளே கண்கள் அடங்கத் தொடங்கின. அந்த வார முடிவில் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளையின் இதயம் நின்றிருந்தது.

சுகந்தியிடம் சொன்னேன். அழுதாள், தூங்கினாள், எழுந்தபோது அது அவள் நினைவில் இல்லை. மூளையின் அந்தப் பகுதி இன்னும் விழிக்கவில்லை என்றார் டாக்டர் அம்மா. காலையில் வந்து, "இது எந்த ஊரும்மா?" என்று கேட்பார். "கொக்குவில்" என்பாள் சுகந்தி, இதென்ன கேள்வி என்ற முகத்தோடு. பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்குப் பேர் ஒண்டும் யோசிக்கேல்லையே?" என்பாள். இரண்டாம் முறையும் சொன்னேன், முதல்முறைபோலவே அழுதாள். மூன்றாம் முறை எனக்குத் துணிவில்லை. "யோசிக்கிறன்" என்றேன். அதன்பிறகு காலைதோறும் ஒரு பெயரோடு போனேன். அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தாள். கொக்குவிலில் எங்கள் பிள்ளை பத்திரமாக இருந்தது.

ஒரு காலையில் அதே கேள்விக்கு, "சென்னை" என்றாள். "அபிராமபுரம்." டாக்டர் அம்மா மலர்ந்து, இனி வீட்டுக்குப் போகலாம் என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சுகந்தி என் பக்கம் திரும்பவில்லை. பெயர் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி வயிற்றின்மேல் இருந்த கையை மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நான் ஒரு பெயரோடு வந்திருந்தேன். அவள் இந்த ஊருக்கு வந்துசேர்ந்துவிட்டாள். பிள்ளையையும் என்னையும் அங்கேயே விட்டுவிட்டு.

வெளியே வந்து, நடைபாதையில் மருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்த நர்ஸிடம், "இன்னும் ரெண்டு நாள் அவங்க அங்கயே இருந்திருக்கலாம் சிஸ்டர்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "அதெல்லாம் முடியாது சார், பெட்டு வேணும். கீழ ரெண்டு பேர் வெயிட்டிங்."