நைனா சுற்றிப் பார்த்த கம்ப்ரசர்

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வயிற்றில் புற்றுக்கட்டி. மருந்து ஏற்றிக்கொள்ளப் புதுச்சேரிக்குப் போய்வர வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு நான், எனக்கு அவர் என்று ஆகிவிட்டதால், என் பழைய காரில் நானே ஓட்டிக்கொண்டு போவேன். முதல் இரண்டு முறை எப்படியோ போய் வந்தோம். சித்திரை பிறந்ததும் மனிதர் அடம்பிடிக்க ஆரம்பித்தார்.

“நோவக்கூட தாங்கிக்குவேம்மா. அந்தக் காருல உக்கார முடியல. வேவுது.”

“ஏசிய சரி பண்ணிட்டா வருவியா?”

“பண்ணு. வரேன்.”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மருந்தைப் பாதியில் விட்டால் அவ்வளவுதான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். என் கண்ணுக்கு அந்தக் கார் ஏசியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

ஏசியின் கம்ப்ரசர் போய்விட்டது, அடிபட்ட வண்டியில் கழற்றிய பழையது ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார் செஞ்சியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக். மறுநாள் ஆஸ்பத்திரி. நைனாவை வீட்டில் படுக்கச் சொன்னேன். கேட்டால்தானே?

“மெஷினு வாங்கப் போற, என்னை வுட்டுட்டுப் போறியா?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்தில் எங்கள் ஊரில் யார் பழைய மோட்டார் வாங்கினாலும், ஆயில் இன்ஜின் வாங்கினாலும், நைனா வந்து கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார். உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா, எங்காவது உரசுகிறதா என்று கையே அவருக்குச் சொல்லிவிடும். வேண்டாம் என்று தலையாட்டினால், விற்க வந்தவன் மறுபேச்சுப் பேசாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

பட்டறையில் மெக்கானிக் முதலில் கம்ப்ரசரைக் கவிழ்த்துக் கொஞ்சம் எண்ணெயை வடித்துக் காட்டினார். கறுக்கவில்லை, இரும்புத் தூளும் இல்லை. பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தார். முன்பக்கத் தட்டு டக்கென்று புல்லிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. பிறகு புல்லியைக் கையால் சுற்றி, காற்று வெளியே தள்ளும் ஓட்டையில் என் விரலை வைக்கச் சொன்னார். புஸ் புஸ்ஸென்று விரலை முட்டியது. எனக்கு அப்போதே நிம்மதியாகிவிட்டது.

“நவுரு, நான் பாக்கறேன்,” என்று ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார் நைனா.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு புல்லியைப் பிடித்தார். கண்ணை மூடினார். புல்லி அசையவில்லை. இன்னொரு முறை பிடித்தார்.

“புடிச்சிக்கினு கெடக்குது. இது வேணாம்மா.”

எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வருமே. “இன்னாங்க, எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?” என்று மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். என் விரலில் காற்று முட்டியதுகூட எனக்கு நினைவில்லை. நைனாவின் கை சொன்னால் சொன்னதுதான். மெக்கானிக் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்து, சுற்றிக் காட்டிவிட்டுக் கொடுத்தார். நைனா அதையும் பிடித்துப் பார்த்தார்.

“இதுவுந்தான்.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நைனா முகத்தைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில், முதல் கம்ப்ரசரை ஒற்றைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். தினமும் சோறு போடுகிறேன், சட்டை மாட்டிவிடுகிறேன், அந்தக் கையில் தெம்பு ஒன்றும் மிச்சமில்லை என்பது அதுவரை எனக்குத் தெரியவில்லை.

“ரொம்ப நாள் சும்மா கெடந்துச்சு ஐயா, அதான் இறுகிப்போச்சு,” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் அதில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார். “இப்ப பாருங்க.” தாங்கிப் பிடிப்பதுபோல் புல்லியின் அடியில் தன் கையைக் கொடுத்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். சுற்றியது.

“ம். மாட்டு,” என்றார் நைனா.

கம்ப்ரசரை மாட்டி, கேஸ் ஏற்றிக் கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஜில்லென்று காற்று வந்தது. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினேன். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம், வழியில் எங்கே இட்லி சாப்பிடலாம் என்று எல்லாவற்றையும் நானே கேட்டு நானே பதில் சொன்னேன். நைனா மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“அந்தாளுதான் சுத்தினான்,” என்றார். “அடியில கை குடுத்தான். எனக்குத் தெரியாதா?”

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

“மொதல்ல குடுத்ததே நல்ல மெஷினுதாம்மா. நாந்தான் அந்தாளுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்.” துண்டை எடுத்துக் கைகளை மூடிக்கொண்டார். “நாளைக்கு வேணாம்மா. சூட்டுக்குப் பயந்து சொல்லல. எனக்குப் போதும்.”

ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவள் நான். திட்டலாம், கெஞ்சலாம், டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பயமுறுத்தலாம். ஒன்றையும் செய்யவில்லை. எந்த இயந்திரத்தையும் பார்த்துச் சொல்வதுபோலத்தான் அவர் தன்னைப் பற்றியும் சொன்னார், அந்தப் பேச்சுக்கு எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

மறுநாள் நாங்கள் புதுச்சேரிக்குப் போகவில்லை.